ரேஸில் கார் ஏன் தாவுகிறது? நெல்லைப் பக்கத்து வீட்டிலிருந்து ஆன்லைனில் ஓட்டுவோருக்கு ஒரு முழு வழிகாட்டி

ஊரில் கோயில் கொடை முடிந்த மறுநாள் இரவு. பாளையங்கோட்டை வீட்டு மச்சில் உட்கார்ந்து அசெட்டோ கோர்சா என்ற கார் ரேஸ் விளையாட்டில் ஐந்தாவது ஆளாக ஓடிக்கொண்டிருந்தேன். வளைவில் முன்னால் போனவரை உள்பக்கமாகத் தாண்டினேன். என் திரையில் இரண்டு காருக்கும் நடுவே ஓர் ஆள் தாராளமாக நடந்து போகலாம். அவர் திரையிலோ என் கார் அவர் கதவுக்குள் புகுந்து, மேலே எகிறி, திரும்பவும் தரைக்கு வந்திருக்கிறது. அவர் கார் சுவரில். "அண்ணாச்சி, உங்க கார் பறக்குது. முதல்ல நெட்டைச் சரி பண்ணிட்டு வாங்க" என்று எழுதிவிட்டு வெளியேறிவிட்டார்.

அதன்பிறகு ஒரு மாதம் நெட் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஸ்பீடு டெஸ்ட் போட்டால் 100 எம்பிபிஎஸ் அழகாக வந்தது. கடைசியில் காரணம் கீழே பட்டாசலில் சார்ஜரில் கிடந்த தம்பியின் போன். ராத்திரி முழுக்க எடுத்த வில்லுப்பாட்டு வீடியோக்களை அது சத்தமில்லாமல் ஆன்லைன் சேமிப்புக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. கொடைக்கு அப்புறம் கல்யாணம், அதற்கப்புறம் வளைகாப்பு என்று வீட்டில் வீடியோவுக்குப் பஞ்சமில்லை, அதனால் கோளாறும் ஓயவில்லை. ரேஸுக்கு நெட்டின் வேகத்தைவிட நிதானம்தான் முக்கியம் என்பதை அப்படித்தான் தெரிந்துகொண்டேன். அந்த நிதானம் எங்கே கெடுகிறது என்பதை வீட்டுக்குள்ளிருந்து வெளியே ஒவ்வொரு கட்டமாகத் தேடிப் போவதுதான் இந்த வழிகாட்டி.

விளையாட்டுக்குள் நடப்பது என்ன

நம் ஊர்ப்பக்கம் மாட்டு வண்டிப் பந்தயம் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். முன்னால் போகிற வண்டி கிளப்பும் புழுதியில் பின்னால் வருகிற சாரதிக்குப் பாதி நேரம் ஒன்றும் தெரியாது. கடைசியாகப் பார்த்தபோது வண்டி எங்கே இருந்தது, எந்தப் பக்கம் ஒதுங்கியது, என்ன ஓட்டத்தில் போனது என்பதை வைத்து, இந்நேரம் இங்கேதான் இருக்கும் என்று கணித்தே ஓட்டுவார். ஆன்லைன் ரேஸில் உங்கள் கம்ப்யூட்டரும் மற்ற கார்கள் விஷயத்தில் இதையேதான் செய்கிறது. அசெட்டோ கோர்சா சர்வர்களில், அதாவது எல்லோரையும் இணைக்கும் நடுக் கம்ப்யூட்டர்களில், ஒவ்வொரு காரின் நிலையும் நொடிக்கு 18 தடவை அனுப்பப்படுவது வழக்கமான அமைப்பு. திரையோ நொடிக்கு 60 படம் காட்டுகிறது. இடைப்பட்ட படங்களில் நீங்கள் பார்க்கும் எதிராளியின் கார் முழுக்கக் கணிப்பு. புதுத் தகவல் வந்ததும் கணிப்பும் உண்மையும் ஒத்துப்போனால் கார் வழுக்கிக்கொண்டு போகும். ஒத்துப்போகாவிட்டால் ஒரே தாவலில் சரியான இடத்துக்கு வந்து நிற்கும். அந்தத் தாவலைத்தான் லேக் அடிக்கிறது என்கிறோம்.

உங்கள் சொந்த கார் அப்படியில்லை. பெரும்பாலான ரேஸ் விளையாட்டுகளில் அது உங்கள் மெஷினிலேயே ஓடுகிறது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் சர்வரிடம் கேட்காமல் உடனே திரும்பும். அதனால் பிங் (தகவல் சர்வருக்குப் போய்த் திரும்ப எடுக்கும் மில்லிசெகண்ட்) 150 இருந்தாலும் தகுதிச் சுற்றில் முதல் இடம் பிடிக்கலாம். லேப் நேரம் மோசமாக இருப்பதற்கு நெட்டைக் காரணம் சொல்ல முடியாது, மன்னிக்கவும். இன்னொரு கார் பக்கத்தில் வரும்போதுதான் நெட் முக்கியமாகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 180 கிமீ வேகம் என்றால் நொடிக்கு 50 மீட்டர். 100 மில்லிசெகண்ட் பழைய தகவலில் கார் 5 மீட்டர் பின்னால் இருக்கும். அதுவே ஒரு காரின் நீளத்துக்கு மேல். உங்கள் பிங் 80, எதிராளியின் பிங் 90 என்றால், அவரிடமிருந்து சர்வருக்கு 45, சர்வரிலிருந்து உங்களுக்கு 40, ஆக 85 மில்லிசெகண்டுக்கு முந்தைய அவரைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள். தாமதம் எப்போதும் ஒரே அளவில் இருந்தால் விளையாட்டு அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு காரை முன்னால் தள்ளிக் காட்டிவிடும். 40-க்கும் 140-க்கும் இடையே ஆடிக்கொண்டிருந்தால் எந்தக் கணிப்பும் நிற்காது. இந்த ஆட்டத்துக்குப் பெயர் ஜிட்டர். நிலையான 90 வேண்டுமா, ஆடுகிற 40 வேண்டுமா என்று கேட்டால் நான் கண்ணை மூடிக்கொண்டு 90-ஐ எடுப்பேன்.

பாக்கெட் இழப்பும் இப்படித்தான். நெட்டில் தகவல் போகிற சின்னச் சின்னப் பொட்டலம்தான் பாக்கெட். நொடிக்கு 20 பாக்கெட் வருகிற இடத்தில் ஒரு சதவீத இழப்பு என்றால் ஐந்து நொடிக்கு ஒன்று தொலைகிறது. அப்படிச் சிதறலாகத் தொலைந்தால் கண்ணுக்கே தெரியாது. அதே இழப்பு பத்துப் பாக்கெட்டாகச் சேர்ந்து போனால் அரை நொடி இருட்டு. 180 கிமீ வேகத்தில் அது 25 மீட்டர்.

தொடங்கும் முன்: இது நெட்டுதானா?

திரை முழுவதும், உங்கள் கார், வேலி, மரம் எல்லாம் சேர்ந்து விக்கினால் அது நெட் அல்ல. கிராபிக்ஸ் கார்டு சூடாகியிருக்கும், அல்லது மெமரி போதவில்லை. சித்திரை வெயிலில் நம் ஊரில் இது சாதாரணம். உங்கள் கார் வழுவழுவென்று போய், மற்ற கார்கள் மட்டும் தாவினால் நெட். ஒரே ஒரு கார் மட்டும் தாவினால் கோளாறு அவர் வீட்டில், நீங்கள் மேலே படிக்க வேண்டிய அவசியமில்லை. எல்லாக் காரும் தாவினால் உங்கள் பக்கம், அல்லது சர்வர்.

முதல் படி: அளந்து எழுதி வையுங்கள்

ஸ்பீடு டெஸ்டை மறந்துவிடுங்கள். ரேஸ் விளையாட்டுக்குப் பொதுவாக ஒரு எம்பிபிஎஸ்கூட வேண்டாம். நமக்கு வேண்டியது பிங்.

விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, பிங் (ping) என்ற ஆங்கிலச் சொல்லை அடித்து, ஓர் இடம் விட்டு ரூட்டரின் எண்ணை அடியுங்கள். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. மறுபடி ஓர் இடம் விட்டு ஒரு சிறு கோடும் டி எழுத்தும் (-t) சேர்த்தால் நிறுத்தும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். கண்ட்ரோலையும் சி-யையும் சேர்த்து அழுத்தினால் நின்று, எத்தனை போனது, எத்தனை தொலைந்தது, குறைந்தது எவ்வளவு, கூடியது எவ்வளவு என்று சொல்லிவிடும்.

இரண்டு ஜன்னல் திறந்து ஒரே நேரத்தில் ஓடவிடுங்கள். ஒன்றில் ரூட்டர், மற்றதில் வெளியே எப்போதும் பதில் சொல்லும் பொது முகவரியான 8.8.8.8 அல்லது 1.1.1.1. பத்து நிமிடமாவது ஓடட்டும். விடிகாலையில் ஒரு தடவை, ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு தடவை. ஊரே சீரியலும் கிரிக்கெட்டும் பார்க்கிற நேரம்தான் நமக்கு ரேஸ் நேரமும். எண்களை ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். இந்த நோட்டு பின்னால் கேபிள்காரரிடம் பேசும்போது உதவும்.

ரூட்டர் பிங்கே ஆடினால் கோளாறு வீட்டுக்குள். ரூட்டர் அசையாமல் இருந்து வெளி பிங் மட்டும் ஆடினால் தெருவில் அல்லது அதற்கு அப்பால். இரண்டும் நன்றாக இருந்து விளையாட்டில் மட்டும் தாவினால் பாதையிலோ சர்வரிலோ சிக்கல். எந்தப் படிக்குப் போக வேண்டும் என்பதை இதுவே சொல்லிவிடும்.

இரண்டாம் படி: வைஃபையை விட்டு வயருக்கு வாருங்கள்

இந்த ஒன்றைச் செய்துவிட்டு மிச்சத்தைப் படிக்காமல் போனாலும் பாதிப் பேருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும். வைஃபையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். டிவி பேசும்போது உங்கள் கம்ப்யூட்டர் காத்திருக்கும். பக்கத்து வீட்டு வைஃபை பேசினாலும் காத்திருக்கும். வயரில் ரூட்டர் பிங் ஒரு மில்லிசெகண்டுக்குக் கீழே அசையாமல் நிற்கும். வைஃபையில் 3, 4, 2, 67, 3 என்று வரும். அந்த 67-தான் எதிராளியின் கதவு.

கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் பக்கத்துப் பழைய வீடுகளைப் பார்த்தால் தெரியும். தெருவாசலில் ஆரம்பித்துப் புறவாசல் வரை ரயில் பெட்டி போல நீண்டு கிடக்கும், சுவர் ஒன்றரை இரண்டு அடி கனம். ரூட்டரை முன்கட்டில் மாட்டிவிட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து ஓட்டினால் எந்த விலையுயர்ந்த ரூட்டரும் கைவிரித்துவிடும். கேட்-6 லேன் கேபிள் 100 மீட்டர் வரை ஒழுங்காக வேலை செய்யும். எந்த வீடும் அதற்குள் அடங்கும். கூரை மரத்தை ஒட்டியோ சுவரோரமாகவோ கொண்டுபோங்கள், கரண்ட் வயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள். மொட்டை மாடியில் வெளியே ஓடுகிற லேன் கேபிளாக இருந்தால், ஐப்பசி, கார்த்திகையில் இடி இறங்கும்போது இரண்டு முனையையும் கழற்றிவிடுங்கள். மின்னல் பக்கத்தில் விழுந்தாலே போதும், செம்புக் கம்பி வழியாக வந்து ரூட்டரையும் மதர்போர்டையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும்.

வயர் போட வழியே இல்லையா? அப்படியானால் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை, ரூட்டர் இருக்கும் அதே அறையில். 2.4-தான் கதி என்றால் சேனலைத் தானாக மாறும்படி விடாமல் 1, 6, 11 என்ற மூன்றில் கூட்டம் குறைந்த ஒன்றில் நிறுத்துங்கள். இந்த மூன்றுதான் ஒன்றின்மேல் ஒன்று ஏறாதவை.

மூன்றாம் படி: வாசலில் நிற்கும் வரிசை

தம்பி போன் கதை இங்கேதான் வருகிறது. நூறு எம்பிபிஎஸ் லைனில் ஒரு போன் வீடியோ ஏற்றினால் ரேஸ் ஏன் கெட வேண்டும்? சந்திப்பு ஈரடுக்குப் பாலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பாலம் அகலமாகத்தான் இருக்கிறது. அதன் வாயில் நாற்பது லாரி வரிசை கட்டி நிற்கும்போது ஒரு சைக்கிள்காரர் கடைசியில் வந்து சேர்ந்தால் அவரும் நாற்பது லாரிக்குப் பின்னால்தான். ரூட்டரும் மோடமும் பாக்கெட்டைக் கீழே போட மனமில்லாமல் எல்லாவற்றையும் வரிசையில் நிறுத்தி வைக்கின்றன. உங்கள் காரின் சின்னப் பாக்கெட் வீடியோவுக்குப் பின்னால் 200, 300 மில்லிசெகண்ட் காத்துக்கிடக்கிறது. இதற்குப் பஃபர்ப்ளோட் என்று பெயர். ஸ்பீடு டெஸ்டில் இது தெரியவே தெரியாது, வேகம் முழுசாக வருகிறதல்லவா.

சோதிப்பது சுலபம். 8.8.8.8-க்குப் பிங் ஓடும்போதே ஒரு பெரிய கோப்பை ஆன்லைன் சேமிப்புக்கு ஏற்றுங்கள். பிங் 20-லிருந்து 30-க்குப் போனால் கவலையில்லை. 250-க்குப் போனால் குற்றவாளி சிக்கிவிட்டார்.

சரி, தீர்வு? முதலாவது, ரேஸ் நேரத்தில் ஏற்றுகிறவர்களை நிறுத்துவது: போன்களின் தானியங்கி பேக்கப், ஆன்லைனுக்கு வீடியோ அனுப்பும் சிசிடிவி கேமரா, விண்டோஸ் அப்டேட், ஸ்டீம் டவுன்லோடு. வீட்டாரிடம் இதைக் கேட்டு வாங்குவது நெட்டைச் சரிசெய்வதைவிடக் கஷ்டம், அது வேறு விஷயம். இரண்டாவது, எந்தத் தகவலுக்கு முதல் வழி என்று முறைப்படுத்தும் ரூட்டரின் க்யூஓஎஸ் பக்கத்தில் ஏற்றம், இறக்கம் இரண்டுக்கும் எல்லை போடுவது. இதற்கு மட்டும் ஸ்பீடு டெஸ்ட் போட்டு, அதில் வந்த வேகத்தில் 85 முதல் 90 சதவீதம் வையுங்கள். நூறு கிடைக்கும் இடத்தில் 88-ஓடு நின்றுகொள்வது நஷ்டம் போலத் தோன்றும். ஆனால் அப்போதுதான் வரிசை நம் ரூட்டருக்குள்ளேயே, நம் கட்டுப்பாட்டில் இருக்கும். ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரூட்டர் மென்பொருளை ஏற்றக்கூடிய ரூட்டர் கையில் இருந்தால் அதில் எஸ்க்யூஎம் என்ற வசதியும் கேக் என்ற முறையும் உண்டு. சைக்கிளுக்குத் தனி வழி விடுவதில் அதற்கு நிகர் நான் பார்த்ததில்லை.

நான்காம் படி: தெருவில் தொங்கும் கண்ணாடி நூல்

நம் பகுதியில் ஃபைபர் பெரும்பாலும் மண்ணுக்கடியில் வருவதில்லை, போஸ்ட்டுக்குப் போஸ்ட் தொங்கி வருகிறது. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழி வழியாகவும் காற்று இறங்கும்போது வேப்பமரக் கிளையோடு கேபிளும் சேர்ந்து ஆடும். அணில் கடிக்கும். பாபநாசம், குற்றாலம் பக்கம் என்றால் குரங்கு பிடித்துத் தொங்கும். கண்ணாடி இழை முழுசாக அறுந்தால் வீட்டு ஃபைபர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும், எல்லோருக்கும் தெரியும். பாதி நசுங்கினாலோ, ஆணியில் மடங்கினாலோ, இணைப்பில் தூசி ஏறினாலோ விளக்கு பச்சையாகவே இருக்கும், ஒளி மட்டும் மங்கும். யூடியூப் ஓடும், ரேஸ் ஓடாது.

இதையும் அளக்கலாம். ஃபைபர் பெட்டியின் அமைப்புப் பக்கத்துக்குள் போனால் ஆப்டிகல் பவர் அல்லது ஆர்எக்ஸ் பவர் என்று ஓர் எண் இருக்கும், ஒளியின் பலத்தை அளக்கும் டிபிஎம் கணக்கில், மைனஸ் போட்டு. வீட்டு ஃபைபரில் வழக்கமாக வரும் ஜிபான் வகைப் பெட்டிகள் சுமார் மைனஸ் 8 முதல் மைனஸ் 27 வரை தாங்கும். மைனஸ் 20-ஐ ஒட்டி இருந்தால் நிம்மதி. மைனஸ் 26, 27 என்று விளிம்பில் நின்றால் காற்றடிக்கிற ராத்திரி விழுந்துவிடும். வீட்டுக்குள் சுருட்டி வைத்திருக்கும் மஞ்சள் வயரை இறுக்கி மடிக்காதீர்கள். உள்ளங்கை அகலத்துக்குச் சுருள் இருக்கட்டும். பீரோவைத் தள்ளி அதை நசுக்கிவிட்டுக் கம்பெனிக்குப் போன் போட்டவர்களில் நானும் ஒருவன்.

கேபிள்காரரிடம் எப்படிப் பேசுகிறோம் என்பதும் முக்கியம். "நெட்டு ஸ்லோ அண்ணாச்சி" என்றால் அவர் வந்து, ஸ்பீடு டெஸ்ட் போட்டு, "நூறு வருதுல்லா தம்பி, இன்னும் என்ன வேணும்?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார், அவர்மேல் தப்பில்லை. "வயர்ல ரூட்டருக்குப் பிங் ஒண்ணுதான் வருது. அடுத்த பெட்டிக்குப் போகையில ராத்திரி ஒம்பது மணிக்கு மேல நூத்தம்பது ஆகுது. ஒளி மைனஸ் 27 காட்டுது" என்று நோட்டைக் காட்டினால் ஏணியோடு வருவார். எனக்கு வந்தார். இரண்டு தெரு தள்ளி ஒரு ஜாயின்ட் பெட்டிக்குள் எறும்பு கூடு கட்டியிருந்தது.

ஐந்தாம் படி: தூரம்

இதை யாரும் சரிசெய்ய முடியாது. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிமீ ஓடுகிறது. போய்வர, 100 கிமீ-க்கு ஒரு மில்லிசெகண்ட். நெல்லையிலிருந்து சென்னை 600 கிமீ-க்கு மேல், ஆக 6-க்குக் கீழே வராது. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடியில் 3000 கிமீ அளவு, அது இன்னொரு 30. நெல்லையில் உட்கார்ந்து சிங்கப்பூர் சர்வருக்கு 50, 60 வந்தால் நல்ல லைன் என்று எடுத்துக்கொள்ளலாம். 100-ஐத் தாண்டினால் பாக்கெட் எங்கேயோ சுற்றிக்கொண்டு போகிறது. அம்பாசமுத்திரத்துக்குப் போக வேண்டியவர் நாங்குநேரி வழியாகப் போவது போல.

அதே கமாண்ட் பிராம்ப்ட்டில் அடிக்கும் டிரேஸர்ட் (tracert) கட்டளை அந்தப் பாதையை வரிவரியாகக் காட்டும். அதைப் படிக்கும்போது பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. நடுவில் ஒரு வரியில் மட்டும் 200 என்று வந்து அடுத்த வரியில் திரும்ப 40 ஆனால் அது கோளாறு இல்லை. அந்த ரூட்டர் பதில் சொல்ல மட்டும் சோம்பல்படுகிறது, பாக்கெட்டை ஒழுங்காகக் கடத்திவிடுகிறது. ஒரு வரியில் ஏறிய எண் கடைசி வரி வரைக்கும் இறங்காமல் இருந்தால்தான் அங்கே சிக்கல். சில சமயம் சிக்கல் உலக அளவில் இருக்கும். 2025 செப்டம்பரில் செங்கடலில் கேபிள்கள் அறுந்தபோது, ஐரோப்பிய சர்வர்களுக்கு நம் நாட்டிலிருந்து போகும் பாதையே நெரிந்தது. அதற்கு வண்ணாரப்பேட்டையில் ஏணி போட்டு ஏறி என்ன செய்ய?

ஆக, சர்வரைத் தேர்ந்தெடுப்பதுதான் நம் கையில் இருப்பது. பட்டியலைப் பிங் வரிசையில் அடுக்கி மேலே இருப்பதில் சேருங்கள். மும்பை இருந்தால் மும்பை, இல்லாவிட்டால் சிங்கப்பூர். பாக்கெட்டை வேறு பாதையில் அனுப்பும், பணம் கட்டும் கேமிங் விபிஎன்-கள் பாதை கோணலாக இருந்தால் மட்டுமே உதவும், ஜிட்டரைக் குணப்படுத்தாது. இலவச நாட்களில் சோதித்துவிட்டு முடிவெடுங்கள்.

நண்பர்களே அறை திறந்து ஆடும் விளையாட்டுகளில் இன்னொரு தொல்லை. அறையில் சேர முடியவில்லை, பேச்சு கேட்கவில்லை, என்ஏடி (பல கருவிகள் ஒரே வெளி முகவரியைப் பகிரும் முறை) கட்டுப்பாடு என்று சொல்கிறது. உங்கள் ரூட்டரின் வெளி ஐபி முகவரி 100.64 முதல் 100.127 வரை ஏதாவதில் தொடங்கினால், கம்பெனி பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குள் அடைத்து வைத்திருக்கிறது. ரூட்டரில் போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வரும் வாசல்) திறந்தாலும் பயனில்லை. ஐபிவி6 என்ற புது முகவரி முறை இருந்தால் போட்டுவிடுங்கள், அல்லது கம்பெனியிடம் தனிப் பொது ஐபி கேளுங்கள். அறையை நீங்கள் திறக்காமல் நல்ல லைன் உள்ள நண்பரைத் திறக்கச் சொல்வது இன்னும் சுலபம்.

ஃபைபர் வராத ஊரில்

மணிமுத்தாறு, திசையன்விளைக்கு அப்பால் என்று மொபைல் டவரை நம்பி ஓட்டுகிறவர்கள் இருக்கிறீர்கள். ஹாட்ஸ்பாட்டை விட்டுவிட்டு யூஎஸ்பி வயரில் போனை இணையுங்கள். நடுவில் உள்ள வைஃபை ஆட்டமாவது ஒழியும். போனை ஜன்னலோரம் ஒரே இடத்தில் அசையாமல் வையுங்கள். 5ஜி-க்கும் 4ஜி-க்கும் தாவிக்கொண்டிருந்தால் 4ஜி-யிலேயே நிறுத்துங்கள். மெதுவானாலும் நிலையாக இருக்கும். டிராக்மேனியா என்ற விளையாட்டில் கார்கள் ஒன்றையொன்று முட்டாது, ஊடுருவிப் போகும். டவர் மக்கர் பண்ணும் நாளில் அந்த மாதிரி விளையாட்டே உத்தமம்.

கரண்ட்

பராமரிப்புக்காக மின்தடை என்று முன்கூட்டியே அறிவித்து நிறுத்தினால் தப்பித்தோம். சொல்லாமல் ஒரு நொடி போய்வரும் கரண்ட்தான் வில்லன். இன்வெர்ட்டர் மாறுகிற அந்தக் கண்ணிமைப்பில் ரூட்டர் அணைந்து, திரும்ப எழுந்து நிற்க இரண்டு நிமிடம் ஆகும், ரேஸ் அதற்குள் முடிந்திருக்கும். ரூட்டருக்கென்றே 12 வோல்ட் சின்ன யூபிஎஸ் கிடைக்கிறது. ஃபைபர் பெட்டி தனியாக இருந்தால் அதற்கும் சேர்த்து வாங்குங்கள். ரூட்டருக்கு மட்டும் வாங்கிவிட்டுப் பெட்டியை மறந்தவர்கள் நிறைய.

எல்லாம் செய்தும் கார் தாவுகிற ராத்திரி

அறையில் உள்ளவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: "இன்னைக்கு என் லைன் சரியில்லை." பிட் லேனிலிருந்து கடைசியாகக் கிளம்புங்கள். பக்கத்தில் கார் வந்தால் வளைவில் ஒட்டி ஓட்டாமல் ஒரு கார் அகலம் கூடுதலாக விடுங்கள். உங்கள் திரையில் முட்டாதது அவர் திரையில் முட்டியிருக்கும். தாண்டுவதை நேர்ச்சாலையில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அங்கே கணிப்பு அதிகம் பிசகாது. பிரேக் போடும் இடத்தில்தான் எல்லாக் கணிப்பும் கவிழ்கிறது, அதனால் முன்னால் போகிறவரின் பம்பருக்கு நேர் பின்னால் நிற்காமல் அரைக் கார் தள்ளி ஓட்டுங்கள்.

அன்று என்னைத் திட்டிவிட்டுப் போனவர் நாகர்கோவில்காரர் என்று பின்னால் தெரிந்தது. இப்போது சனிக்கிழமை ராத்திரி அவரோடுதான் ஓட்டுகிறேன். ரேஸ் தொடங்குமுன் தவறாமல் கேட்பார், "தம்பி போன் எங்கே இருக்கு?"